மஜ்ஜைக்கு மருந்து தந்த டாக்டர் சுப்பாராவ்

(பி.எஸ்ஸி. வேதியியல், 1975–78 அணியைச் சேர்ந்த ஒரு பழைய மாணவர்)

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது விடுதி நாட்களைப் பற்றி எழுதித் தரும்படிதான் கேட்டார்கள். விடுதி ரசத்தைப் பற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எங்கள் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் இதே மலரில் எழுதியிருப்பார்கள் என்பது என் கணக்கு. நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு மனிதரைப் பற்றி. அவர் நம் கல்லூரியில் படித்தவர் இல்லை, சேலம் ஜில்லாக்காரரும் இல்லை. ஆனாலும் அவர் பெயரை முதன்முதலில் நான் கேட்டது நம் கெமிஸ்ட்ரி லேபில்தான்.

இரண்டாம் வருஷம் சால்ட் அனாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த உப்பில் பாஸ்பேட். நைட்ரிக் அமிலம் ஊற்றி அம்மோனியம் மாலிப்டேட் விட்டுச் சூடு காட்டினால் மஞ்சள் மஞ்சளாக வீழ்படிவு வரும், நினைவிருக்கிறதா? அது வந்த சந்தோஷத்தில் டெஸ்ட் டியூபைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் பேராசிரியர் அவர்கள் பார்த்துவிட்டு, இந்த மஞ்சளோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு படி போனால் இது நீலமாகும், நீலத்தின் ஆழத்தை அளந்தால் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று கணக்காகச் சொல்லலாம், உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்க்கிறார்கள், அந்த முறைக்குப் பெயர் ஃபிஸ்க்–சுப்பாராவ், அதில் இரண்டாவது ஆள் திருவல்லிக்கேணியில் படித்தவர் என்றார். நாங்கள் நம்பவில்லை. சார் தமாஷ் பண்ணுகிறார் என்றே நினைத்தோம்.

டிகிரி முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பும் படித்து, சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதல் வாரமே கையில் கொடுத்த செய்முறைப் புத்தகத்தில் அந்தப் பெயர் அச்சில் இருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திரம். அன்றைக்கு நம்மைப்போல அதுவும் சென்னை ராஜதானிதான். வீட்டில் வறுமை. பதிமூன்று வயதில் பையன் ஒருநாள் வீட்டை விட்டு ஓடிப்போனான். எங்கே? காசிக்கு! அங்கே வருகிற யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நல்ல பணம் பார்க்கலாம் என்பது அவன் திட்டம். பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வாழை வியாபாரிகள் இந்தத் திட்டத்தில் தப்பு ஒன்றும் காண மாட்டார்கள். அம்மா வெங்கம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. படித்தே ஆக வேண்டும் என்று உட்கார வைத்தார்.

உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது தடவைதான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. நடுவில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட ஆசை. அதற்கும் அம்மா விடவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரி.

1919இல் சேஷகிரி அம்மாளுடன் கல்யாணம். மாமனார் வீட்டு உதவியில்தான் மருத்துவப் படிப்பே ஓடியது. காந்திஜியின் அழைப்பைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் உடை போட்டுக்கொண்டு போனார். சர்ஜரி பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில், நன்றாகத் தேர்வு எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழே எல்.எம்.எஸ். என்ற பட்டத்தோடு வெளியே வந்தார். அரசாங்க மருத்துவ வேலை கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் டாக்டர் லட்சுமிபதியிடம் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரானார்.

இந்தச் சமயத்தில் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஸ்ப்ரூ என்று ஒரு வியாதி. குடல் கெட்டு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போய், வயிற்றுப்போக்கும் சோகையுமாக ஆள் வற்றிவிடுவான். குறுகிய இடைவெளியில் சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேர் அதில் இறந்துபோனார்கள். பிறகு அவருக்கே வந்தது. லட்சுமிபதியின் வைத்தியத்தில் பிழைத்தார். டாக்டர் பட்டம் வாங்கியவருக்குத் தன் வீட்டில் செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. அவருக்கு மட்டுமில்லை, அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் அது தெரியாது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மஜ்ஜையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இவர் கதை புரியாது.

நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணு சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். தட்டணுக்குப் பத்து நாள் ஆயுள். வெள்ளணுக்களில் சில ஒரு நாள் தாண்டுவதே பெரிசு. ஆக தினமும் புதுசு வந்துகொண்டே இருக்கணும். சிவப்பணு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி! இத்தனையும் தயாராகும் இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா, இங்கேதான் செம்மஜ்ஜை இருக்கும். மஜ்ஜைதான் ரத்தத்தின் பிறப்பிடம் என்று 1868இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் நாய்மன் கண்டு சொன்னார்.

ஆனால் மஜ்ஜையில் எல்லா அணுவும் விதை இல்லை. வேலூர்ப் பக்கம் வாழைத் தோட்டம் பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். தார் போட்ட மரம் அதோடு சரி, வெட்டிவிடுவோம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போகாது. அது பக்கக் கன்று விட்டுக்கொண்டே இருக்கும். மஜ்ஜையில் அப்படிப்பட்ட கிழங்குதான் ஸ்டெம் செல். பத்தாயிரம் மஜ்ஜை அணுக்களில் ஒன்று தேறினாலே அதிகம். அது பிரியும்போது தன்னைப் போலவே ஒன்றை மிச்சம் வைத்துக்கொள்ளும், இன்னொன்றை வேலைக்கு அனுப்பும். வேலைக்குப் போனது பெருகிப் பெருகி சிவப்பணுவாகவோ வெள்ளணுவாகவோ தட்டணுவாகவோ ஆகும். வாழைக் கிழங்கிலிருந்து வாழைதான் வரும், இங்கே ஒரே கிழங்கிலிருந்து வாழை, தென்னை, கரும்பு மூன்றும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உவமை அதற்கு மேல் தாங்காது.

அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வை இரண்டாக்கணும். அதற்குத் தேவையான ஒரு சரக்கு ஃபோலிக் அமிலம், பி வைட்டமின் குடும்பம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் ஒருநாள். நெசவுத் தொழில் செய்யும் குடும்பத்துப் பெண், பிள்ளை பெற்று மூன்று மாதம், முகம் வெள்ளைத் தாள் மாதிரி. இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தும் ஏறவில்லை. டாக்டர் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துக் கொடுத்தார். லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மஜ்ஜை காலியாக இருக்கும் என்று நினைத்தவன் அசந்துவிட்டேன். அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிரம்பியிருந்தன. எல்லாம் பெரிசு பெரிசாக, உட்கரு முதிராமல், பிரிய முடியாமல் திணறுகிற அணுக்கள். மெகலோபிளாஸ்ட் என்பார்கள். உடம்பு வளர்ந்துவிட்டது, டி.என்.ஏ. தயாராகவில்லை. பாதிக்கு மேல் ரத்தத்துக்கு வராமல் மஜ்ஜைக்குள்ளேயே செத்துப்போகும். ஃபோலிக் அமிலமும் கூடவே பி-12 ஊசியும் கொடுத்தார்கள். (பி-12 குறைவாக இருக்கிறவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறி நரம்பு கெட்டுவிடும், யாரும் கடையில் தானாக வாங்கிப் போடவேண்டாம்.) ஒரு வாரத்தில் இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் குபுகுபுவென்று ஏறின. எண்ணியது நான்தான். ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினேன்.

இந்தச் சோகையை நம் நாட்டில் வைத்து ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார். 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துப் பார்த்தார். சோகை தீர்ந்தது. அதற்குள் இருக்கும் பொருள் எது என்பது பிடிபடவில்லை. நாமக்கல் நண்பர்களுக்கு ஒரு செய்தி: இதே பொருளை 1940இல் கோழிக் குஞ்சுகளின் சோகை வழியாகவும் அமெரிக்காவில் துரத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு உங்கள் பண்ணையில் தீவனத்தோடு கலக்கிற வைட்டமின் பொடியில் ஃபோலிக் அமிலம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். 1941இல் கீரையிலிருந்து கொஞ்சம் பிரித்தெடுத்து, இலை என்பதற்கான லத்தீன் சொல்லை வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதைச் சுத்தமாகப் பிரித்து, வடிவம் கண்டு, தொழிற்சாலையில் செய்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

ஆள் அப்போது அமெரிக்காவில் இருந்தார்.

1920களின் தொடக்கத்தில் கொஞ்சம் அறக்கட்டளைப் பணம், கொஞ்சம் மாமனார் பணம் என்று சேர்த்துக்கொண்டு சுப்பாராவ் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். மனைவியிடம் மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் இருந்தது, சாப்பாட்டுக்கு வழியில்லை. பீட்டர் பென்ட் பிரிகம் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவுகிற வேலை. சென்னையில் டாக்டர்! பகலில் சைரஸ் ஃபிஸ்கிடம் உயிர்வேதியியல். அங்கேதான் 1925இல் அந்த நீல நிற முறை வந்தது. 1927இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை இருவரும் வெளியிட்டார்கள். 1929இல் ஏ.டி.பி. அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டார். ப்ளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் ஏ.டி.பி. பற்றி மனப்பாடம் பண்ணின தம்பி தங்கைகளே, சுப்பாராவ் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் இருந்ததா? என் பிள்ளைகளின் புத்தகத்தில் நான் தேடியபோது இல்லை.

1930இல் பிஎச்.டி. வாங்கியும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருட்கள் வெளியிடப்படாமலே கிடந்து, பின்னால் வேறு ஆட்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அதே லேபில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். ஹிட்சிங்ஸ் 1988இல் நோபல் வாங்கியவர். ஃபிஸ்க் மேல் முழுப் பழியையும் போடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ பாதிக் காரணம் சுப்பாராவேதான் என்று படுகிறது. முன்னால் வந்து நிற்கத் தெரியாதவர், நிற்க விரும்பாதவர்.

1940இல் நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஆராய்ச்சிக்குத் தலைமை அவர் கைக்கு வந்தது. கல்லீரலிலிருந்தும், பாக்டீரியாவை வளர்த்த திரவத்திலிருந்தும் அந்தப் பொருளைப் பிரிக்கிற வேலை வருஷக்கணக்கில் நடந்தது. 1945இல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டது. அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் 16 பெயர்கள். தலைவர் பெயர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை, நடுவில் எங்கேயோ இருக்கிறது.

அந்த மருந்தை எடுத்துக்கொண்டு டாம் ஸ்பீஸ் என்ற மருத்துவர் கியூபா நாட்டில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். மஜ்ஜை திரும்பியது, ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆமாம், அதே ஸ்ப்ரூ. சகோதரர்களைக் கொண்டுபோன வியாதிக்கு மருந்து செய்ய அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தாலும் போதும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய்க்கூறு மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு லெடர்லி அனுப்பிய ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். சோகைக்கு நல்லதாயிற்றே, இதற்கும் நல்லதாக இருக்கலாம் என்ற எண்ணம். நேர்மாறாகப் போனது. மஜ்ஜையில் கெட்ட அணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகின. யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? களைக்கும் அதே உரம்தான். அப்படியானால் உரத்தை மறித்தால் களை வாடுமா?

மறிக்கிற பொருளும் சுப்பாராவின் கூடத்திலிருந்தே வந்தது. பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். அணு ஏமாந்து எடுத்துக்கொள்ளும், டி.என்.ஏ. வேலை நின்றுபோகும். பெயர் அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில் 16 குழந்தைகள், 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. தற்காலிகம்தான், பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதுவரை வாரக்கணக்கில் சாகிற வியாதி என்று கைகழுவிய ஒன்றில், மருந்து கொடுத்து மஜ்ஜை தெளிந்தது அதுதான் முதல் தடவை. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கிற டி.இ.சி. மாத்திரையும், ஆரியோமைசின் ஆன்டிபயாடிக்கும் அதே கூடத்தில், அதே சில வருஷங்களில் வந்தவை. அடுத்தடுத்து எப்படித்தான் முடிந்ததோ.

1948 ஆகஸ்டில் ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. மாரடைப்பு. வயது 53. ஃபார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1946க்குப் பிறகு இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கலாம் என்று சட்டம் வந்தும் அவர் வாங்கவில்லை. இந்தியாவுக்கும் திரும்பவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. மூன்று வருஷம் என்றவர் இருபத்தைந்து வருஷம் ஆகியும் வரவில்லை. அவர் கப்பலேறிய பிறகு பிறந்த மகன் குழந்தையாகவே இறந்தான், அப்பா முகத்தைப் பார்க்காமல். சேஷகிரி அம்மாள் இங்கே காத்திருந்தபடியே வயதானார். மேதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நானும் ஒரு பத்திதான் எழுதியிருக்கிறேன், ஆனால் அவர் கண்டுபிடித்ததை எழுதும்போதெல்லாம் அந்த அம்மாள் நினைவு வராமல் இருந்ததில்லை.

அவர் போனபின் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சுப்பாராவ் இருந்த வரை ஸ்டெம் செல் என்பது அறிஞர்களின் ஊகம். 1961இல் கனடாவின் டொராண்டோவில் டில், மக்கலக் என்ற இருவர் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஏற்றியபோது மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவிலிருந்து வந்தது என்பது பின்னால் உறுதியானது. கிழங்கு கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். சோவியத் நாட்டில் ஃப்ரீடென்ஸ்டைன், மஜ்ஜையில் இன்னொரு கூட்டம் இருப்பதைக் காட்டினார். அது ரத்தம் ஆகாது. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகும். கூடவே ரத்த ஸ்டெம் செல்லுக்கு இருக்க இடமும் கொடுக்கும். கிழங்கு ஒன்று, அதைத் தாங்கும் மண் இன்னொன்று. மண் கெட்டால் கிழங்கும் நிலைக்காது.

மஜ்ஜை ஸ்டெம் செல் இதயத் தசையாக மாறும் என்று 2001இல் பெரிய ஆரவாரம் எழுந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தால் வரவில்லை. அந்தக் கூட்டத்தாரின் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. மூட்டுவலி முதல் சர்க்கரை வரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் என்று விளம்பரம் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை நிச்சயமாகப் பலன் தருவது ரத்தம், மஜ்ஜை, எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட நோய்களில்தான். வேலூர் சி.எம்.சி.யில் அது 1986இலேயே ஆரம்பித்துவிட்டது. அந்தச் சிகிச்சைக்காக 1990இல் டொனால் தாமஸ் நோபல் வாங்கினார். அவர் பயிற்சி டாக்டராக இருந்தது பீட்டர் பென்ட் பிரிகம் ஆஸ்பத்திரியில். சுப்பாராவ் பாத்திரம் கழுவிய அதே இடம். புது மஜ்ஜை ஏற்றியபின், அது நோயாளியின் உடம்பைத் தாக்காமல் இருக்க 1, 3, 6, 11ஆம் நாட்களில் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். அங்கேயும் அவர் இருக்கிறார்.

என் வீட்டிலும் இருந்தார். என் அக்கா பேத்திக்கு நாலு வயதில் விடாத காய்ச்சல், உடம்பெல்லாம் நீல நீலமாகத் தடம். மஜ்ஜை ஸ்லைடை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். முப்பது வருஷ அனுபவத்தில் மற்றவர் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்தான் அது. அன்றைக்கு மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்கக்கூடக் கை வரவில்லை. சென்னையில் இரண்டரை வருஷம் வைத்தியம். கடைசிக் கட்டத்தில் வாரம் ஒரு நாள் சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையில் மெத்தோட்ரெக்சேட் என்று போட்டிருந்தது. அக்காவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, மஞ்சள் மாத்திரை என்றே சொல்வாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி அதை எண்ணி எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் மாலிப்டேட் மஞ்சள்தான் ஞாபகத்துக்கு வரும், இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று தெரிந்தும்.

அந்தப் பெண் இப்போது நம் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பெயரைப் போடக்கூடாது என்று எனக்குக் கண்டிஷன். கட்டுரையைப் படித்துப் பார்த்துவிட்டு, தாத்தா ரொம்ப அளக்கிறீங்க என்று அபிப்பிராயமும் சொல்லிவிட்டாள்.

1995இல் சுப்பாராவின் நூற்றாண்டுக்கு நம் தபால் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. என்னிடம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தன்று கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கெமிஸ்ட்ரி லேபை ஒரு மணி நேரம் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். அம்மோனியம் மாலிப்டேட் ஸ்டாக் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். மஞ்சளோடு நிறுத்தாமல், 1976இல் சார் சொன்ன அந்த இன்னொரு படியையும் போய் நீலத்தைப் பார்ப்பதாக உத்தேசம். பழைய லேப் கோட் இருக்கிறவர்கள் எடுத்து வரவும். தொப்பைக்குப் பட்டன் போடாவிட்டால் பரவாயில்லை.